சர்வேக்கு முந்தின நாள் அடிக்கும் பெயின்ட்

படகைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற சர்வேயர் வருகிறார் என்று தெரிந்ததும் சுற்றுலாப் படகு வைத்திருக்கும் பலர் முதலில் வாங்குவது பெயின்ட்தான். இரண்டே நாளில் படகு பளபளவென்று ஆகிவிடும். சோதிக்க வருகிறவருக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இல்லை. ஃபைபர் படகின் அடிப்பக்கத்தில் கொப்புளம் இருக்கிறதா, மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கிறதா, பழைய ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறதா என்பதையெல்லாம் சொல்வது அந்தப் பழைய மேற்பரப்பு. அதைப் புதுப் பெயின்ட்டால் மூடிவிட்டால் படகின் வாயைப் பொத்திவிட்ட மாதிரிதான்.

படகைக் கரையேற்றி, பாசியும் சிப்பியும் போகச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்படியே காட்டுங்கள். பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியலால் ஓர் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வருவார்கள். உறுதியான இடத்தில் ‘டக் டக்’ என்று கணீரென்ற சத்தம் வரும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் ‘தொப்’ என்று அமுங்கிவிடும். கொப்புளத்தைக் குத்தினால் கசிகிற நீரில் வினிகர் மாதிரி புளித்த வாடை அடித்தால், தண்ணீர் ஃபைபருக்குள் இறங்கி வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில் மிதக்கிற படகில் இதில் எதையுமே பார்க்க முடியாது. “கரையேத்தினா செலவு சார், மேலாலே பாத்துட்டுப் போங்க” என்று சொல்லாதீர்கள். படகின் ஆபத்து பாதிக்கு மேல் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

அங்கே பலரும் திரும்பிக்கூடப் பார்க்காத பொருள் ஒன்று உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கிற குழாயின் வால்வு. கடைத்தெருவில் விலை குறைவாகக் கிடைக்கிற பித்தளை வால்வை மாட்டிவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்லக் கரைந்து, செம்பு மட்டும் பஞ்சு போல மிஞ்சும். ஒருமுறை அப்படி ஒரு வால்வைக் கத்தி முனையால் சுரண்டினேன். மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் இளஞ்சிவப்பாக இருந்தது. கைப்பிடியைச் சற்று அழுத்தித் திருப்பியதும் கழுத்தோடு உடைந்து கையில் வந்துவிட்டது. படகு கரையில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆற்றின் நடுவில் அது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். கடல் உபயோகத்துக்கென்றே வருகிற வெண்கல வால்வு போடுங்கள். குழாய்க்கு இரண்டு கிளிப் போடுங்கள். பக்கத்திலேயே அந்த ஓட்டைக்குச் சரியான மரத் தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

அடுத்தது பில்ஜ் பம்ப், அதாவது படகின் அடித்தட்டில் சேரும் தண்ணீரை வெளியேற்றுகிற பம்ப். சுவிட்சைத் தட்டினால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும், ‘வேலை செய்யுது’ என்று முடித்துவிடுவார்கள். மோட்டார் ஓடுவது வேறு, தண்ணீர் வெளியே போவது வேறு. அடித்தட்டில் நாலு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மிதவை தானாக எழுந்து பம்ப் ஓட வேண்டும், தண்ணீர் வெளியே பீச்ச வேண்டும். மிதவையில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு எழும்பாமல் கிடந்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கிற பழக்கமும் வேண்டாம். ஆறிப்போன எஞ்சின் கிளம்புகிற முதல் நிமிடத்துப் புகைதான் அதன் உடல்நிலையைச் சொல்லும். தீயணைப்பான் உருளைக்கு முள் பச்சையில் இருந்தால் மட்டும் போதாது. பவுடர் உள்ளே கட்டிதட்டியிருக்கலாம். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் உள்ளே சரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சமையல் வசதியுள்ள படகில் கேஸ் சிலிண்டரை எஞ்சின் அறைப் பக்கம் வைக்கவே கூடாது. அந்த வாயு காற்றைவிட கனமானது. கசிந்தால் வெளியே போகாமல் அடித்தட்டில் போய்த் தேங்கும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கணக்கு மட்டும் எப்போதும் சரியாக இருக்கும். ஒரு படகில் 40 பேருக்கு 40 ஜாக்கெட் இருந்தன. பெஞ்சுக்கு அடியில் பத்துப் பத்தாக நைலான் கயிற்றால் கட்டி, மேலே குளிர்பானப் பெட்டியை அடுக்கியிருந்தார்கள். “ஒரு கட்டை அவிழ்த்துக் கொடுங்க தம்பி” என்று கேட்டேன். பெட்டியை நகர்த்தி, முடிச்சை அவிழ்க்க முடியாமல், கடைசியில் கத்தி தேடிப்போய் அறுத்துக் கொடுக்க நாலு நிமிடம் ஆனது. வெயிலில் வெளுத்த வார்ப்பட்டை இழுத்தவுடன் அறுந்தது. குழந்தைகளுக்கான அளவில் ஒன்றுகூட இல்லை. பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே எழும்பும், குழந்தை கீழே நழுவும். கால்களுக்கு இடையே வருகிற பட்டையோடு கூடிய சிறிய அளவு தனியாக வேண்டும். அதையும் படகு கிளம்பும் முன்பே மாட்டிவிட வேண்டும்.

சரி, இதெல்லாம் பார்த்தவுடன் தெரிகிற தவறுகள். உயிரைக் கொத்தாக வாங்குகிற தவறு வேறு. அது சான்றிதழ் கைக்கு வந்த பிறகு நடக்கும். மேலே ஒரு கூரை, கூரைமேல் நாலு நாற்காலி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு ஜெனரேட்டர். ‘சின்ன வேலைதானே’ என்று செய்கிற ஒவ்வொன்றும் படகின் எடையை மேலே தூக்குகிறது. 20 பேர் மாடிக்கு ஏறினால் சுமார் 1,300 கிலோ மேலே போய்விடுகிறது. அவர்கள் எழுந்து ஒரே பக்கம் போனால் படகு சாய்ந்து, திரும்பி நிமிரத் தெம்பில்லாமல் போய்விடும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது அது சாய்ந்தது. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் ‘அட்லாண்டிக்’ என்ற படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். அது மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. மீன்பிடிப் படகில் ஐஸும் மீனும் அடியறையில் இருக்கும், எடை கீழே நிற்கும். அதே உடலின் மேல் மாடி கட்டி ஆட்களை ஏற்றினால் அது பழைய படகு இல்லை, புதுப் படகு. புதிதாகத்தான் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனையில் பெரிய மாயம் எதுவுமில்லை. காற்றில்லாத காலை நேரத்தில், கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட்டு, எடை தெரிந்த மணல் மூட்டைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவார்கள். உள்ளே ஒரு தூக்குக்குண்டு தொங்கும். குண்டு ஆடாமலிருக்க அதன் அடியில் ஒரு வாளி தண்ணீர். நூல் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதைக் குறித்து, படகின் எடை எந்த உயரத்தில் நிற்கிறது என்று கணக்கிடுவார்கள். ஒரு காலை வேலை, அவ்வளவுதான். கூரை போட நினைத்தால், வெல்டரைக் கூப்பிடும் முன் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் அந்த எண்ணிக்கை. மேல் தட்டில் எத்தனை பேர், கீழ்த் தட்டில் எத்தனை பேர் என்று சான்றிதழில் எழுதியிருப்பது சுக்கான் பிடிப்பவரின் மேஜை டிராயரில் மடித்துக் கிடந்தால் யாருக்கும் பயனில்லை. ஏறுகிற பலகைக்கு நேர் எதிரே, ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். கேரளத்துப் படகுகளில் மலையாளத்தோடு தமிழிலும் எழுதுங்கள். தேக்கடியில் இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள்.