நேவ்டெக்ஸை முதல் நாள் மாலையே போட்டு வையுங்கள்

மறுநாள் படகு எடுப்பதாக இருந்தால், கடல் எச்சரிக்கைகளையும் வானிலைச் செய்திகளையும் வானொலி அலை வழியே எழுத்தாகப் பெற்றுத் திரையில் காட்டும் நேவ்டெக்ஸ் கருவியை முதல் நாள் மாலையே போட்டு, நிலைய எழுத்து 'சி' தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் நிலையத்தின் எழுத்து அது. 518 கிலோஹெர்ட்ஸில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நம் நேரப்படி இரவு 8.20, 12.20, விடியற்காலை 4.20, காலை 8.20 என்று, அதற்குப் பத்து நிமிட ஒதுக்கீடுதான். காலை 9 மணிக்குக் கிளம்பும்போது போட்டால் நண்பகல் 12.20 வரை திரை காலிதான். விளக்கணைந்த மிதவையோ கேபிள் பதிக்கும் கப்பலோ வழியில் இருப்பது தெரியாது. இரவெல்லாம் ஓடினால் நான்கு சுற்று கிடைக்கும். இடிமின்னலில் ஒரு சுற்று சிதைந்து எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறியாக வந்தாலும் அடுத்ததில் சரியாகிவிடும், நம் ஊரில் இது முக்கியம்.

இரும்புக் கூரைக்கு அடியில் நிற்கும் படகில் இது பலிக்காது. அலை சரியாக எட்டாது. துறைமுக எல்லைக்குள்ளேயே, பக்கத்திலுள்ள செயிண்ட் ஜான்ஸ் தீவு வரை மட்டும் போய்வருகிறவர்களுக்கு நேவ்டெக்ஸ் மட்டும் போதாது. துறைமுக எல்லைக்குள் நடக்கும் வேலைகளுக்கு, கடல்துறை, துறைமுக ஆணையத்தின் இணையத்தளத்தில் வரும் துறைமுக அறிவிப்புகளைக் கட்டாயம் படியுங்கள்.