பாஸ்போர்ட்டில் பாலினத்தை மாற்றுவது எப்படி? சென்னையில் நான் செய்த முறை

என் பாஸ்போர்ட்டில் 'எம்' என்று இருந்த எழுத்து 2023-ல் 'எஃப்' ஆனது. மற்ற திருநங்கைகளும் திருநம்பிகளும் என்னைப் போல இரண்டு முறை அலையக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் திருநர் அடையாளச் சான்றிதழ். 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி இதை மாவட்ட ஆட்சியர் தருகிறார். திருநர்களுக்கான தேசிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நான் ராஜாஜி சாலையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகவே இல்லை. நான் விண்ணப்பித்தபோது முதல் சான்றிதழுக்குப் பிரமாணப் பத்திரமே போதுமானதாக இருந்தது, அப்போதிருந்த 2020 விதிகளின்படி உடல் பரிசோதனை கிடையாது. நீங்கள் விண்ணப்பிக்கும் முன் இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை வைத்துப் பாஸ்போர்ட்டில் திருநர் என்பதைக் குறிக்கும் 'டி' வாங்கலாம். ஆண் அல்லது பெண் என்றே வேண்டுமென்றால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனைச் சான்றைக் கொடுத்துத் திருத்திய சான்றிதழ் வாங்க வேண்டும். நான் வாங்கியது அதைத்தான்.

அப்புறம் ஆதார். அதில் பெயரும் பாலினமும் மாறிய பிறகே பாஸ்போர்ட் பக்கம் போங்கள்.

சரி, விண்ணப்பம். பழைய பாஸ்போர்ட் இருந்தால் புதியது அல்ல, 'ரீ-இஷ்யூ'. 36 பக்கப் புத்தகத்துக்கு நான் கட்டியது 1500 ரூபாய். கைபேசிச் செயலியில் நிரப்பாதீர்கள். கணினியில் உட்கார்ந்து நிதானமாக நிரப்புங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு. 'எப்போதாவது பெயரை மாற்றியிருக்கிறீர்களா?' என்று படிவம் கேட்கும். அந்தப் பழைய பெயரை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. 'இல்லை' என்று போட்டேன். சேவை மையத்தில் பழைய புத்தகத்தையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, திருத்தி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலிக்கும்தான். ஆனால் இந்த ஒரு கட்டத்தில் 'ஆம்' என்று போட்டு, பழைய பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். பெயர் மாற்ற அரசிதழ் நகலையும் கூடவே வையுங்கள்.

புத்தகம் கைக்கு வந்ததும் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டாவது வரியில் 21-வது எழுத்துதான் பாலினம். மேலே 'எஃப்' என்றிருந்தால் அங்கேயும் 'எஃப்' இருக்க வேண்டும். விமான நிலையத்தில் இயந்திரம் படிப்பது அந்த வரியைத்தான்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தோழி, போலீஸ் விசாரணைக்கு வந்தவரிடம் வீட்டு ஓனர் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். ஓனருக்குப் பழைய பெயர்தான் தெரியுமாம். எனக்கு இது தோன்றவே இல்லை. ஓனரிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் புதுப் பெயரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.