டயாலிசிஸுக்கு முன்பே ஒரு கையை ஒதுக்கி வையுங்கள்

நான் டயாலிசிஸ் செய்யத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். புதிதாக வருகிறவர்கள் என்ன கேட்டாலும் முதலில் கையைப் பற்றித்தான் பேசுவேன்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஜி.எஃப்.ஆர். என்று ஓர் எண் இருக்கும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் கணக்கு அது. 30-க்குக் கீழே இறங்கினால், அடுத்து என்ன செய்யலாம் என்று மருத்துவரிடம் நீங்களே பேச்செடுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்த முடியுமா, வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸ் ஒத்துவருமா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். உடம்பு தெம்பாக இருக்கும்போது முடிவெடுப்பது எளிது.

மெஷின் டயாலிசிஸ்தான் என்றால் ஃபிஸ்டுலா வேண்டும். கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பார்கள். அந்தச் சிரை பருத்து ஊசி தாங்க ஆறு வாரமோ, சில மாதமோ ஆகும். நான் தள்ளிப்போட்டேன். கடைசியில் கழுத்தில் குழாய் வைத்துத் தொடங்க வேண்டியதாயிற்று. அதில் கிருமி தொற்றி, குளிர் நடுக்கத்தோடு படுத்த நாட்களை இன்னும் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: எழுதாத கையை ஃபிஸ்டுலாவுக்காக இப்போதே ஒதுக்குங்கள். ரத்தம் எடுக்க, டிரிப்ஸ் போட யார் வந்தாலும் மற்றக் கையின் புறங்கையை நீட்டுங்கள்.

ஃபிஸ்டுலா வைத்த பிறகு அந்தக் கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள். வாட்ச், வளையல், இறுக்கமான சட்டைக்கை கூடாது. கனமான பையைத் தொங்கவிடக் கூடாது. அந்தக் கையைத் தலைக்கு அணையாக வைத்துத் தூங்கவும் கூடாது.

தினமும் காலையில் கண் விழித்ததும் தையல் தழும்பின் மேல் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். மடியில் படுத்த பூனையின் உறுமல் போல ஓர் அதிர்வு தெரியும். எனக்கு ஒருநாள் அது இல்லை. முந்தைய நாள் டயாலிசிஸில் பி.பி. மிகவும் இறங்கியிருந்தது. சரி, சாயந்திரம் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் உடனே ஓடினேன். ரத்தம் உறைந்து அடைத்திருந்தது, அன்றே திறந்துவிட்டார்கள்.

கை சிவந்து சூடானாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். அப்புறம், வீட்டுக்கு வந்த பிறகு டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். பீறிட்டு வந்தால் அழுத்தியபடியே கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.