பேச்சிப்பாறைத் தண்ணீர்க் கணக்கை ஓஎஸ்க்யூபியில் போடுவது எப்படி

நாகர்கோவில் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு ஆப்டிமைசேஷன், அதாவது கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் கணக்கு, எடுத்தால், முதல் கேள்வியே எந்த சால்வர் (அந்தக் கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) நல்லது என்பதுதான். காசில்லாமல் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் சால்வர்களே போதும். பலரும் சிக்குவது அலகில்தான்.

ஒரு கணக்கு எடுத்துக்கொள்வோம். கன்னிப்பூ சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையிலிருந்து தினமும் எவ்வளவு தண்ணீர் விடலாம்? வயலுக்கு வேண்டியதற்கும் விட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எல்லா நாளுக்கும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் குறைக்க வேண்டும். அணை இருப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது, கால்வாய் தாங்குவதற்கு மேல் திறக்கவும் கூடாது. குவாட்ராட்டிக் புரோகிராம் என்பது இதுதான்.

பைத்தானில் பிப் (pip) மூலம் சிவிஎக்ஸ்பையை (CVXPY, கணக்கை எழுதி சால்வரிடம் கொடுக்க உதவும் தொகுப்பு) நிறுவுங்கள். ஓஎஸ்க்யூபி (OSQP), எஸ்சிஎஸ் (SCS), கிளாரபெல் (Clarabel) என்ற மூன்று சால்வர்களும் கூடவே வந்துவிடும். கணக்கை சிவிஎக்ஸ்பையில் எழுதி, ஓஎஸ்க்யூபியிடம் கொடுங்கள். கோன் வகைக் கணக்கானால், அதாவது கட்டுப்பாடுகள் கூம்பு வடிவத் தொகுதிகளால் சொல்லப்பட்டால், எஸ்சிஎஸ். லட்சக்கணக்கான மாறிகளோடு நேரியல் கணக்கு வந்தால் கூகுளின் ஓஆர்-டூல்ஸில் இருக்கும் பிடிஎல்பி (PDLP) சால்வரைப் பாருங்கள்.

இப்போது அலகு. ஓஎஸ்க்யூபி, எஸ்சிஎஸ், பிடிஎல்பி போன்றவை ஃபர்ஸ்ட் ஆர்டர் முறைகள், அதாவது எளிய சுற்றுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி விடையை நெருங்குபவை. மாறிகளின் அளவு வித்தியாசம் இவற்றை எளிதில் பாதிக்கும், அதனால் ஒரு மாறி நூறிலும் இன்னொன்று நூறு கோடியிலும் இருந்தால் சுற்றுகள் ஆயிரக்கணக்கில் ஓடியும் விடை சரியாக நகராமல் போகலாம். ஓஎஸ்க்யூபி தானாகவே கொஞ்சம் ஸ்கேலிங் (எண்களின் அளவைச் சமப்படுத்துவது) செய்யும், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் விட்டால் 86,400 கன அடி, அதாவது 0.0864 மில்லியன் கன அடி. திறப்பை விநாடிக்கு நூறு கன அடிக்கு ஒன்று என்றும், இருப்பை நூறு மில்லியன் கன அடிக்கு ஒன்று என்றும் வைத்தால் இருப்புச் சமன்பாட்டில் (நாளைய இருப்பு என்பது இன்றைய இருப்போடு வரத்தைக் கூட்டி, திறப்பைக் கழித்தது) திறப்பின் முன் அதே 0.0864 தான் வரும், மாறிகளும் சின்ன எண்களாக அடங்கிவிடும்.

அப்புறம் டாலரன்ஸ், அதாவது எவ்வளவு பிழை இருந்தாலும் போதும் என்று சால்வர் நிறுத்தும் எல்லை. நாம் எதுவும் மாற்றாவிட்டால், ஓஎஸ்க்யூபியை நேரடியாக ஓட்டினால் 0.001, சிவிஎக்ஸ்பை வழியாகப் போனால் 0.00001. இதைக் கவனிக்காமல்தான் 'ரெண்டுலயும் விடை வேறயா வருதே' என்று குழம்புகிறார்கள். இந்தக் கணக்குக்கு 0.001 தாராளம், ஷட்டரை அவ்வளவு நுணுக்கமாக யாரும் திறக்கப் போவதில்லை. ஆனால் கட்டுப்பாடு மயிரிழை மீறப்படலாம், ஆகவே குறைந்தபட்ச இருப்பைச் சற்று கூட்டியே கொடுங்கள்.

விடை வந்ததும் ஸ்டேட்டஸைப் பாருங்கள். 'ஆப்டிமல்' என்றால் சரி. 'இன்அக்யூரேட்' ஒட்டியிருந்தால் சுற்று எண்ணிக்கையை ஏற்றுவதற்கு முன் வெர்போஸை (ஒவ்வொரு கட்டத்தையும் திரையில் காட்டும் அமைப்பு) ஆன் செய்து பிரைமல் எச்சத்தையும் (கட்டுப்பாடுகள் எவ்வளவு மீறப்படுகின்றன) டூயல் எச்சத்தையும் (சிறந்த விடையிலிருந்து எவ்வளவு விலகல்) பாருங்கள். ஒன்று இறங்கி மற்றது அப்படியே நின்றால் திரும்பவும் அலகுக்கே போங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் வரத்து தினமும் மாறுமே என்றால், வரத்தையும் இன்றைய இருப்பையும் சிவிஎக்ஸ்பையில் பாராமீட்டராக (மதிப்பை மட்டும் தினமும் மாற்றக்கூடிய இடமாக) எழுதிவிடுங்கள். கணக்கின் மேட்ரிக்ஸ் மாறாததால் ஓஎஸ்க்யூபி அதைப் பிரித்து வைத்த பழைய காரணிப்படுத்தலையே மறுபடி செய்யாமல் வைத்துக்கொண்டு, நேற்றைய விடையிலிருந்து தொடங்கும். சந்தேகம் வந்தால் பத்து நாளுக்கு மட்டும் சுருக்கி வேறு முறையில் இயங்கும் கிளாரபெல்லிலும் ஓட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.