வெளிநாட்டில் படிக்கச் செல்வோருக்கான மருத்துவக் காப்பீடு: வாங்குவதும் பயன்படுத்துவதும்

பாலிசி வாங்கும்போது மாணவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "விசாவுக்கு இது போதுமா?" என்பதுதான். கேட்க வேண்டியதோ, "மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் என் கையிலிருந்து எவ்வளவு போகும்?" என்பது. இதற்கான விடை நாட்டுக்கு நாடு மாறுவதால், செல்லும் நாட்டின் மருத்துவ ஏற்பாட்டைத் தெரிந்துகொண்ட பிறகே பாலிசிகளை ஒப்பிட வேண்டும்.

பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு மாணவர் விசா கோருவோர், விண்ணப்பத்துடனேயே குடியேற்ற சுகாதாரக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். 2024 பிப்ரவரியில் மாணவர்களுக்கு இது ஆண்டுக்கு 470 பவுண்டிலிருந்து 776 பவுண்டாக உயர்ந்தது. விசாக் காலம் முழுவதற்குமான தொகை முன்கூட்டியே வாங்கப்படுவதால், பயணச் செலவைக் கணக்கிடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் மருத்துவரையும் மருத்துவமனையையும் தனிக் கட்டணமின்றி நாடலாம். பல் சிகிச்சைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பணம் கட்டத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஓ.எஸ்.எச்.சி. எனப்படும் வெளிநாட்டு மாணவர் காப்பீடு விசாக் காலம் முழுவதற்கும் இருக்க வேண்டும். ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்குவோர் தேசிய சுகாதாரக் காப்பீட்டில் சேர்வது கட்டாயம். சிகிச்சைச் செலவில் 30 சதவீதத்தை நோயாளி ஏற்க வேண்டும்.

ஜெர்மனியில் எடுக்கும் முடிவுக்குக் கூடுதல் கவனம் தேவை. அங்கே 30 வயதுக்குட்பட்ட மாணவர்கள் அரசு முறைக் காப்பீட்டில் சலுகைக் கட்டணத்தில் சேரலாம். தனியாரில் மாதக் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு தனியார் காப்பீட்டுக்குப் போனால், படிப்பு முடியும்வரை அந்த விலக்கைத் திரும்பப் பெற முடியாது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு: ஒன்டாரியோவின் அரசுத் திட்டம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை, பிரிட்டிஷ் கொலம்பியா சேர்த்துக்கொள்கிறது என்றாலும், வந்து சேர்ந்த மாதத்தின் மீதி நாட்களும் அடுத்த இரு மாதங்களும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியாக ஒரு குறுகிய காலக் காப்பீடு எடுக்காமல் போவது அறிவுடைமை அல்ல.

அமெரிக்காவின் கணக்குதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. பரிமாற்றத் திட்டங்களில் வருவோருக்கான ஜே-1 விசாவுக்குக் கூட்டரசு விதியே குறைந்தபட்ச வரம்புகளை வகுத்திருக்கிறது: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர் சிகிச்சைக் காப்பு, மருத்துவக் காரணத்தால் அவசரமாக நாடு திரும்ப 50,000 டாலர், நாம் முதலில் கட்டும் டிடக்டிபிள் 500 டாலருக்கு மிகாமை. பட்டப் படிப்புக்கு வழக்கமாகக் கிடைக்கும் எஃப்-1 விசாவுக்கு அத்தகைய கூட்டரசு விதி இல்லை. பல்கலைக்கழகங்களே நிபந்தனை விதிக்கின்றன. வெளியில் வாங்கிய பாலிசியை ஏற்கச் சொல்லி விலக்குக் கோர வேண்டுமானால், பல்கலைக்கழகம் குறிப்பிடும் கடைசி நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தவறினால் பல்கலைக்கழகத் திட்டத்தின் பிரீமியமும் சேர்ந்தே கட்டணப் பட்டியலில் ஏறிவிடும்.

டிடக்டிபிள் என்பது, காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கத் தொடங்குமுன் நாம் முழுமையாகச் செலுத்த வேண்டிய தொகை. அது 500 டாலராகவும், அதற்குமேல் நம் பங்கு 20 சதவீதமாகவும் இருக்கும் பாலிசியில் 3,000 டாலருக்கு ரசீது வந்தால், முதலில் 500, மீதி 2,500-இல் 20 சதவீதமாக இன்னொரு 500, ஆக 1,000 டாலர் நம்முடையது. இதுவும் மருத்துவமனை பாலிசியின் நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்த மருத்துவமனைகளின் பட்டியலில், இருந்தால்தான். ஆகவே பிரீமியத்தை மட்டும் பார்த்து ஒப்பிடாமல், ஓராண்டில் நம் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகும் என்ற உச்சவரம்பைப் பாலிசியில் தேடிப் படிக்க வேண்டும். அந்த வரம்பே குறிப்பிடப்படாத பாலிசியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த நாடாயினும் எவற்றுக்குக் காப்பு இல்லை என்று சொல்லும் பாலிசியின் விலக்குகள் பகுதியை முதலில் படிப்பது நல்லது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஆஸ்திரேலியாவின் ஓ.எஸ்.எச்.சி.யில் 12 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. மனநலம் சார்ந்ததாயின் 2 மாதம். ஆஸ்துமா, நீரிழிவு போன்றவை உள்ளவர்கள் இதை மறைத்து விண்ணப்பித்தால், பின்னர் பழைய மருத்துவக் குறிப்புகளைக் காட்டியே கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். மனநல ஆலோசனைக்கும் விளையாட்டுக் காயங்களுக்கும் வரம்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

பல் சிகிச்சை பல திட்டங்களில் அடங்காததால், புறப்படுமுன் பல்லைக் காட்டி வேண்டியதைச் செய்துகொள்வது செலவைக் குறைக்கும். தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகளை அசல் உறையிலேயே, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்துடன் கொண்டு செல்ல வேண்டும். நாம் பாராசிட்டமால் என்பது அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், சால்புட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். சில மருந்துகளுக்குச் சில நாடுகளில் தடையே உண்டு. 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டு செல்லக் கூடாது.

போய்ச் சேர்ந்ததும், உடம்பு நன்றாக இருக்கும்போதே, பிரிட்டனாயின் வீட்டருகே ஜி.பி. எனப்படும் பொது மருத்துவர் ஒருவரிடம் பதிந்துகொள்ள வேண்டும். மற்ற இடங்களில் பல்கலைக்கழக மருத்துவ மையம் எங்கே, எந்த நேரம் திறந்திருக்கும் என்று அறிந்துவைக்க வேண்டும். காப்பீட்டு அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். உயிருக்கு ஆபத்தென்றால் அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, ஜெர்மனியில் 112, ஜப்பானில் 119. அவ்வளவு அவசரமில்லாத இரவு நேரக் காய்ச்சலுக்கு இங்கிலாந்தில் 111-ஐயும் ஜெர்மனியில் 116117-ஐயும் அழைக்கலாம். அமெரிக்காவில் சாதாரணக் காய்ச்சலுக்கோ சுளுக்குக்கோ அவசரப் பிரிவுக்குச் செல்வதைவிட, சிறு உடல்நலக் குறைவுகளுக்கு உடனே சிகிச்சை தரும் அர்ஜென்ட் கேர் மையம் மிகவும் மலிவானது.

திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் முன் அனுமதி தேவையா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளெய்முக்கு மொத்தத் தொகை மட்டும் உள்ள ரசீது போதாது. சிகிச்சை வாரியாகப் பிரித்த ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால், பாலிசியின் எந்த விதிப்படி என்பதைக் கேட்டு, மருத்துவரின் விளக்கக் கடிதத்தை இணைத்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஒரே நிராகரிப்புக் கடிதத்தோடு மனம் தளர்ந்து பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

படிப்பு முடியும் மாதத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகக் காப்பீடு பட்டம் பெற்றதோடு முடிந்துவிடலாம். விசா அதன்பின்னும் சில மாதங்கள் இருக்கலாம். வேலை தேடும் அந்தக் காலத்துக்கான பாலிசியை, பழையது காலாவதியாகும் முன்பே எடுத்துவிட வேண்டும்.