கொம்பு வைத்த டெனிப்ரியானிடே வண்டை இனங்காண: பின்காலிலிருந்து தொடங்குங்கள்

ஓர் அருங்காட்சியகத்தின் பூச்சி அறையில் தென் அமெரிக்க வண்டுகளைப் பிரித்து அடுக்குவது என் வேலை. சேர்ந்த முதல் வருடம் ஈக்வடாரிலிருந்து வந்த பெட்டி ஒன்றில் கரிய, பளபளப்பான, தலையில் ஒற்றைக் கொம்புள்ள பெரிய வண்டு இருந்தது. மக்கிய மரத்திலிருந்து எடுத்தது என்று சீட்டில் எழுதியிருந்தது. மக்கிய மரம், கறுப்பு உடல், தலையில் கொம்பு மூன்றும் சேர்ந்தால் பாசலிடே என்ற மரவாழ் வண்டுக் குடும்பம்தான் என்று எண்ணி அந்த இழுப்பறையில் வைத்துவிட்டேன். ஏழு மாதம் அங்கேயே கிடந்தது. அது பிரெனாபேட்டஸ் என்ற பேரினம். நம் வீட்டு ரவையில் ஊரும் சிவப்பு மாவு வண்டின் குடும்பமான டெனிப்ரியானிடேயைச் சேர்ந்தது. அன்றிலிருந்து கொம்பைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது கால் நுனி. வண்டின் பாதம் சிறு சிறு கணுக்களால் ஆனது. முன்கால், நடுக்கால், பின்கால் என்ற வரிசையில் எண்ண வேண்டும். டெனிப்ரியானிடேயில் ஏறக்குறைய எப்போதும் 5, 5, 4 என்று வரும். பாசலிடேயிலும், தென்னங்குருத்தைத் துளைக்கும் நம் காண்டாமிருக வண்டிலும் 5, 5, 5. மரத்தில் தட்டு போல வளரும் காளானுக்குள் சியிடே என்ற மிகச் சிறிய வண்டுகள் இருக்கும், பெரும்பாலும் 3 மி.மீ.க்குள். அவற்றின் ஆண்களுக்கும் கொம்பு உண்டு. ஆனால் அவற்றில் பொதுவாக 4, 4, 4. ஒரே காளானை உடைத்தால் சியிடே, டெனிப்ரியானிடே என இரண்டு குடும்பத்துக் கொம்பு வண்டுகளும் ஒன்றாக விழலாம். கணுக்களை எண்ணினால் சில நிமிடங்களில் பிரித்துவிடலாம்.

எண்ணுவதற்கு முன் காலைக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு விட்டு, வண்டை அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் கால் நுனியை நீவினால் மரத்தூள் போய்விடும். நகம் இருக்கும் கடைசிக் கணுவிலிருந்து மேல்நோக்கி எண்ணுங்கள். முதல் கணு காலின் பள்ளத்தில் பாதி மறைந்திருக்கும். நான் அதைத்தான் பல முறை விட்டிருக்கிறேன். பழைய மாதிரிகளில் பாதம் ஒடிந்திருப்பது சகஜம், எனவே இரண்டு பின்கால்களையும் பாருங்கள். ஒடிந்த காலில் நகம் இருக்காது, அதை எண்ணாதீர்கள்.

5, 5, 4 வேறு சில குடும்பங்களிலும் உண்டு. அதனால் இன்னும் இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும். உணரிழையின் அடிப்பகுதி (உணர்கொம்பு என்று எழுதினால் இங்கே குழப்பம், அதனால் உணரிழை) கன்னத்து விளிம்பின் கீழே ஒளிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அது எங்கே முளைக்கிறது என்று தெரியாது. அப்புறம் வண்டைப் புரட்டி வயிற்றைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து தகடுகளில் முதல் மூன்றும் ஒட்டி அசையாமல் இருக்கும். உணரிழையில் பொதுவாக 11 கணுக்கள், பாசலிடேயில் 10.

இதைப் பழக ஈக்வடார் பெட்டி தேவையில்லை. பறவைக்கும் மீனுக்கும் தீனியாக விற்கிறார்களே, சூப்பர் வோர்ம், அது சோபோபாஸ் என்ற வண்டின் புழு. அதற்குச் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்காதான். கூட்டமாக இருக்கும்வரை அந்தப் புழு கூட்டுப்புழு ஆகாது. ஒரு புழுவைத் தனியாகச் சின்ன டப்பாவில் மூடிவைத்தால் சில வாரங்களில் கூட்டுப்புழுவாகி வண்டாகும். கொம்பு இல்லாத, கணுக்கள் தெளிவாகத் தெரியும் பெரிய வண்டு. பத்து மடங்கு லென்ஸ் போதும்.

சரி, குடும்பம் தெரிந்துவிட்டது. இனிக் கொம்புக்கு வருவோம். காளானில் வாழும் நியோமிடா பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணின் தலையில் கொம்புகள் நிற்கும், பெண்ணுக்கு இருக்காது. ஆண்களிலும் எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. கொம்பு வண்டுகளில் புழுவாக இருந்தபோது நன்றாகத் தின்று பெரிய உடலோடு வந்தவனுக்கு நீண்ட கொம்பு, சின்னவனுக்கு வெறும் புடைப்பு. ஒரே காளானிலிருந்து ஒரு முறை பதினான்கு ஆண்களை எடுத்து வரிசையாக ஒட்டினேன். முதலாவதையும் பதினான்காவதையும் மட்டும் பார்த்திருந்தால் இரண்டு இனம் என்று எழுதியிருப்பேன். நடுவில் இருந்த பன்னிரண்டும்தான் ஒன்று என்று காட்டின. ஒற்றைப் பெரிய ஆணை வைத்துப் புதிய இனம் என்று அறிவிப்பது இந்தத் துறையில் பெரிய ஆபத்து. முடிந்தவரை காளானையே துணி மூடிய டப்பாவில் வைத்து, உள்ளிருந்து வருவதையெல்லாம் சேருங்கள். ஆனால் ஒரே காளானில் இரண்டு இனமும் இருக்கலாம். பெண்ணை ஆணோடு சேர்க்கும்போது முன்மார்புத் தகட்டின் புள்ளிக்குழிகளையும் உறைச்சிறகின் (முதுகை மூடும் கடினமான முன்சிறகு) வரிகளையும் ஒப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இனத்தை உறுதியாகப் பிரிக்கப் பெரும்பாலும் ஆண் உறுப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். ஊறிய வண்டின் வயிற்று நுனியிலிருந்து கொக்கி போல வளைத்த ஊசியால் மெதுவாக இழுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தசை கரையும்வரை வைத்து, ஒரு சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் அலசி, கிளிசரினில் போட்டுப் பாருங்கள். கரைசலில் போட்டுவிட்டு மறந்தால் உறுப்பே நிறமிழந்து குழைந்துவிடும். பார்த்து முடித்ததும் சின்னக் குப்பியில் கிளிசரினோடு அடைத்து அதே வண்டின் ஊசியில் குத்திவையுங்கள். வண்டு ஓரிடம், உறுப்பு ஓரிடம் என்று பிரிந்தால் இரண்டுமே வீண்.

விவரிப்பை எழுதும்போது நிறத்தை முதலில் எழுதாதீர்கள். புதிதாக வெளிவந்த வண்டு செம்பழுப்பாக இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். முதிர்ந்தவற்றில் மயிர் உதிர்ந்து, கொம்பு நுனிகூடத் தேய்ந்திருக்கும். வடிவமும் விகிதமும்தான் நிலையானவை. "முன்மார்பு அகலம்" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது, "அகலம் நீளத்தைப் போல 1.5 மடங்கு" என்று எழுதுங்கள். "புள்ளிக்குழிகள் நெருக்கம்" என்பதற்குப் பதில் "குழிகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு குழியின் விட்டத்தில் பாதி" என்று எழுதுங்கள். உடல் நீளத்தில் கொம்பைச் சேர்த்தீர்களா என்று சொல்லிவிடுங்கள். நான் சேர்ப்பதில்லை. கொம்பை அடியிலிருந்து நுனிவரை தனியாக அளந்து, எத்தனை ஆண்களை அளந்தேன், மிகச் சிறியது எவ்வளவு, மிகப் பெரியது எவ்வளவு என்று எழுதுகிறேன். சிறிய ஆணின் படமும் பெண்ணின் படமும் பெரிய ஆணின் படத்துக்குப் பக்கத்திலேயே வரவேண்டும்.

பெயரிடும் விதிகள் கடினமானவை இல்லை. 1999க்குப் பிறகு வெளியாகும் புதிய இனத்துக்கு, இது புதியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் ஒற்றை மாதிரி) எது, எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும், மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். லத்தீனில் விவரிப்பு தேவையில்லை. மின்னிதழில் மட்டும் வெளியானால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவு கட்டாயம். மாதிரி பிரேசிலைச் சேர்ந்ததாக இருந்தால் 2015ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அந்த நாட்டு அரசின் இணையப் பதிவு அமைப்பான சிஸ்ஜென்னில் பதிவும் செய்ய வேண்டும்.

ஹோலோடைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மிகப் பெரிய கொம்பு உள்ளவனிடம் கண் போகும், எனக்கும் போகிறது. ஆறு பாதங்களும் முழுசாக இருக்கும், இடச்சீட்டு தெளிவாக இருக்கும் ஆணை எடுங்கள். அவனுடைய ஊசியில் சிவப்புச் சீட்டைக் குத்துங்கள், பழைய சீட்டு எதையும் கழற்றாதீர்கள்.