மழைக்கு முன்னால் பீரோவைக் காலி செய்யுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன், நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளில் பீரோவை முழுதாகக் காலி செய்துவிடுங்கள். பாதி எடுத்துப் பாதி விட்டால் வேலை நடக்காது. தட்டுகளைத் துடைத்து, மதியம் வரை கதவைத் திறந்தே வைத்துக் காற்றாட விடலாம்.

அதிகக் கவனம் கேட்பது பட்டுப்புடவைதான். பாலித்தீன் கவரில் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஜரிகையும் கறுக்கும். நேர் வெயில் வேண்டாம், நிழலில் காற்றாடினால் போதும். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு இற்றுவிடும் என்பதால் மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் (பழைய வேட்டி இருந்தால் அருமை) சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அதுவே வேண்டாம், நன்றாகக் காய்ந்த வேப்பிலை போதும்.

அப்புறம் கழிக்கிற வேலை. இறுகிப்போன பிளவுஸில் உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் பிரித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கொடுத்துவிடுங்கள். "இளைத்ததும் போடுவேன்" என்று வைத்தவை பெரும்பாலும் அப்படியேதான் கிடக்கும். மழையில் லேசில் காயாத கனமான ஜீன்ஸை மேல் தட்டில் ஏற்றி, சீக்கிரம் உலரும் துணிகளைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.